வெள்ளத்தில் நின்ற காரும் நான் திருகிய சாவியும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது என் கார் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அப்படி நின்றதால் ஏற்பட்ட சேதத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏறத்தாழ முழுமையாக ஏற்றுக்கொண்டது. ஆனால் தண்ணீர் வடியத் தொடங்கிய பிறகு, பொறுமையிழந்து நான் சாவியைத் திருகியதால் ஏற்பட்ட சேதத்துக்கு என் கையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போயிற்று. இரண்டும் வெவ்வேறு சேதங்கள் என்பதும், காப்பீட்டு ஒப்பந்தம் அவற்றை வெவ்வேறாகவே பார்க்கும் என்பதும் பணிமனையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது.

நாங்கள் வேளச்சேரியில் குடியிருக்கிறோம். 2019-இல்தான் இங்கு வந்தோம் என்பதால் 2015 வெள்ளத்தை நான் செய்தியாக மட்டுமே அறிவேன். அதை நேரில் கண்ட எங்கள் தெருக்காரர்கள், வானிலை எச்சரிக்கை வந்தவுடன் காரை எடுத்துச் சென்று வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் எதிர்வீட்டுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "சார், வண்டிய இப்பவே ஏத்திடுங்க, ராத்திரிக்கு மேல முடியாது" என்றார். பாலத்தில் நிறுத்தினால் அபராதம் போடுவார்கள், கண்ணாடியை யாராவது உடைத்துவிடுவார்கள் என்று எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் சோம்பல். மழையில் நனைந்துகொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து திரும்ப மனம் வரவில்லை.

இரவு முழுவதும் மழை ஓயவில்லை. திங்கள் காலை ஆறு மணிக்கு எட்டிப் பார்த்தபோது காரின் கதவுப் பிடிக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லை, கைப்பேசிக்குச் சமிக்ஞையும் இல்லை. முதல் மாடி வீடு என்பதால் எங்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் மாதம் 9,800 ரூபாய் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருள் கண்ணெதிரே முழுகிக்கொண்டிருப்பதை மாடிப்படியில் நின்று பார்ப்பது ஒரு விசித்திரமான வேதனை. உள்ளே போய்விட்டு வருவேன், மீண்டும் பார்ப்பேன். அந்த இரண்டு நாளில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. இவ்வளவு பார்த்தவன் ஒரு படம் எடுத்து வைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கைப்பேசியில் மின்கலம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அதைத் தொடவே இல்லை. உங்களுக்கு இந்த நிலை வந்தால், வண்டி நின்ற இடத்திலேயே, பதிவெண் தெரியும்படி, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் இரண்டு படமும் அரை நிமிடக் காணொளியும் எடுத்துவிடுங்கள். "வண்டி நிறுத்திய இடத்திலேயே முழுகியது" என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேறு இல்லை. நானோ பிற்பாடு பக்கத்து வீட்டுப் பையன் எடுத்திருந்த ஒரு மங்கலான படத்தைக் கெஞ்சி வாங்கினேன். அதில் என் காரின் கூரை மட்டும் ஒரு மூலையில் தெரிந்தது.

புதன்கிழமை, 6-ஆம் தேதி மதியம், எங்கள் கட்டடத்தின் வளாகத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது. தெருமுனையில் மட்டும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. காரின் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து சேற்றுத் தண்ணீர் கொட்டியது. சாக்கடை வாடை குடலைப் புரட்டியது. சாவியை நுழைத்து, ஒரு நப்பாசையில் திருகினேன். வண்டி கிளம்பிவிட்டது! அந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டு, "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். மீண்டும் மழை வருவதற்குள் மேடான பகுதிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முதல் கியரில் தெருவுக்குள் இறக்கினேன். தெருமுனையை நெருங்கியபோது எதிரே நிவாரணப் பொருள் ஏற்றிய ஒரு லாரி வந்தது. அது எழுப்பிய அலை பானட்டின் மேல் அடித்தது. என்ஜின் ஒருமுறை குலுங்கி நின்றது. பின்னால் இரண்டு வண்டிகள் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தன. நான் பதற்றத்தில் மறுபடியும் சாவியைத் திருகினேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தது. மூன்றாம் முறை அடிவயிற்றிலிருந்து 'டக்' என்று ஓர் இரும்புச் சத்தம் கேட்டது. அதன் பிறகு என்ஜின் அசையவே இல்லை.

அந்தச் சத்தத்தின் பொருளைப் பணிமனையில் ஒரு மூத்த மெக்கானிக் எனக்கு விளக்கினார். என்ஜினின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் மேலேறி நெருக்குகிறது. காற்று நெருக்கினால் சுருங்கும்; தண்ணீர் சுருங்காது. என்னுடையது 1200 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. ஒரு சிலிண்டருக்கு 300 மில்லி. பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது அதற்கு மேலே எஞ்சும் இடம் ஏறக்குறைய 30 மில்லிதான். அதாவது இருமல் மருந்துக் குப்பியின் மூடியில் இரண்டு மூடி அளவுத் தண்ணீர் உள்ளே போனாலும் பிஸ்டனுக்கு மேலேற வழியில்லை. அது மேலேற முயலும், தண்ணீர் விடாது, பிஸ்டனைக் கீழிருந்து தள்ளும் இரும்புத் தண்டான கனெக்டிங் ராடு நடுவே மாட்டிக்கொண்டு வளையும். டீசல் என்ஜினில் அந்த இடம் இன்னும் குறைவு என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். என் வண்டியில் ஒரு ராடு வளைந்திருந்தது, மற்றொன்று லேசாகக் கோணியிருந்தது. வண்டி சும்மா நின்று முழுகியிருந்தால் இது நடந்திருக்காது; சுழலாத என்ஜினில் எதுவும் வளைவதில்லை. என்ஜினைக் கழற்றி, உள்ளே புகுந்த தண்ணீரை வடித்து, எண்ணெயை இரண்டு மூன்று முறை மாற்றிக் கழுவினால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

ஆகவே, முழுகிய வண்டியில் முதல் வேலை எதையும் இயக்காமல் இருப்பது. சாவியை 'ஆன்' நிலைக்குக்கூடக் கொண்டுபோகாதீர்கள். ஈரமான மின்னணுப் பலகைகளில் மின்சாரம் பாய்ந்தால் அவை அங்கேயே கருகும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியென்றால் கதவைத் திறந்ததும் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வருவது நல்லது, கை சும்மா இருக்காது. பானட்டைத் திறந்து மின்கலத்தின் எதிர்மின்முனை (நெகட்டிவ்) வயரைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 10 எண் ஸ்பேனர் போதும். பிறகு ஏர் பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்; வடிகட்டி நனைந்திருந்தால் தண்ணீர் அதற்கு அப்பாலும் போயிருக்கலாம். என்ஜின் ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் நியூட்ரலில் போட்டுத் தள்ளுங்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது தண்ணீரில் நின்றுபோனாலும் இதே கதைதான்: பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் இறங்கித் தள்ளுங்கள். உங்கள் என்ஜினுக்கு அவர்கள் பணம் கட்டப் போவதில்லை.

இழுவை வண்டி கிடைக்கவே மூன்று நாளாயிற்று. சேவை மையத்தின் இழுவை வண்டிக்கு வரிசை நீண்டு கிடந்ததால் தனியார் ஒருவரை அழைத்தேன். ஆறு கிலோமீட்டருக்கு 4,500 ரூபாய் கேட்டார், பேரம் பேசும் நிலையில் நான் இல்லை. காப்பீட்டில் இதற்கு எனக்குத் திரும்பக் கிடைத்தது 1,500 ரூபாய். 9-ஆம் தேதி சனிக்கிழமை பணிமனைக்குப் போனால் வாசலிலிருந்து தெருவரை சேறு பூசிய கார்கள். "உங்க வண்டிய பார்க்கவே பத்து நாள் ஆகும் சார்" என்றார் சர்வீஸ் அட்வைசர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மனிதர் மூன்று நாளாகத் தூங்காதவர் போல இருந்தார். ஆனால் அந்தப் பத்து நாளில் கார்ப்பெட்டை எடுத்து உலர வைக்கவாவது நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். ஈரத்தோடு மூடிக் கிடந்ததில் இருக்கைகளில் பூஞ்சை பிடித்தது.

இனிக் காப்பீட்டுக் கதை. 2020 பிப்ரவரியில் வாங்கிய வண்டி. 2023 பிப்ரவரியில் இணையத்தில் புதுப்பித்தபோது, 'ஜீரோ டெப்' என்ற பம்பர் டு பம்பர் காப்பைச் சேர்த்திருந்தேன். அதற்குக் கீழே 'என்ஜின் பாதுகாப்பு' என்று ஒரு வரி 1,140 ரூபாய்க்கு இருந்தது. என்ஜின்தான் நன்றாக ஓடுகிறதே, இது எதற்கு என்று அந்தக் கட்டத்திலிருந்த குறியை நானே எடுத்தேன். பம்பர் டு பம்பர் என்றால் முன்னும் பின்னும் நடுவிலுள்ள எல்லாமும் அடக்கம் என்று நினைத்தேன். என்னைப் போல் நினைப்பவர்களை அதன் பிறகு நிறையச் சந்தித்துவிட்டேன். அந்தக் காப்பின் வேலை ஒன்றே ஒன்று: மாற்றும் பாகத்தின் விலையில் தேய்மானம் கழிக்காமல் கொடுப்பது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் மின்கலத்துக்கும் பாதி விலையும், நான்காம் ஆண்டில் இருந்த என் வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 25 விழுக்காடும் கழித்திருப்பார்கள். எந்தச் சேதம் காப்புக்குள் வரும், எது வராது என்பதை அது மாற்றுவதில்லை. வெள்ளம் என்பது சாதாரண முழுக் காப்பீட்டிலேயே அடக்கம். ஆனால் அதே ஒப்பந்தம், வெள்ளத்தின் நேரடி விளைவாக இல்லாமல் அதைத் தொடர்ந்து ஏற்படும் சேதத்தையும், இயந்திரக் கோளாறையும் விலக்கி வைக்கிறது. நின்ற வண்டிக்குள் புகுந்த தண்ணீர் முதல் வகை. தண்ணீரில் ஓட்டியதால், கிளப்பியதால் வளைந்த ராடு இரண்டாம் வகை.

சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் 21-ஆம் தேதிதான் வந்தார். அதற்கு முன்பே நான் என் வாயாலேயே எல்லாவற்றையும் கெடுத்திருந்தேன். க்ளெய்ம் படிவத்தில் 'நிகழ்ந்தது என்ன' என்ற இடத்தில், "தண்ணீர் தேங்கிய தெருவில் ஓட்டிச் சென்றபோது வண்டி நின்றுவிட்டது" என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதற்கு முந்தைய இரண்டு நாள் வண்டி முழுகிக் கிடந்ததைக் குறிப்பிடவே இல்லை. உங்களைப் பொய் எழுதச் சொல்லவில்லை. நான் எழுதியதும் பொய்யில்லை. ஆனால் நடந்ததில் பாதியை மட்டும், அதுவும் பிற்பாதியை மட்டும் எழுதினால் படிப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? வண்டி எப்போது, எங்கே நின்றது, தண்ணீர் எவ்வளவு ஏறியது, எத்தனை நேரம் இருந்தது, பிறகு என்ன நடந்தது என்று நாள் நேரத்தோடு வரிசையாக எழுத வேண்டும். சேவை மையத்தில் அவசரப்படுத்தினாலும் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து எழுதுங்கள்.

மதிப்பீடு மொத்தம் 2,60,000 ரூபாய் வந்தது. அதில் வயரிங், கட்டுப்பாட்டுப் பலகைகள், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், இருக்கைகள், கார்ப்பெட் எல்லாம் சேர்ந்து 1,42,000, என்ஜினுக்கு 1,18,000. முதல் தொகையை, கட்டாயப் பிடித்தமான 1,000 ரூபாயும், எண்ணெய், கூலன்ட், நட்டு போல்ட் வகையில் 6,500 ரூபாயும் போக, ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவதை ஒரே வரியில் மறுத்தார்கள். என் வண்டியின் ஐடிவி, அதாவது காப்பிடப்பட்ட மதிப்பு, 3,90,000. பழுது பார்க்கும் செலவு அதில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பு என்று அறிவித்து, அந்த மதிப்பைக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அந்த எல்லை 2,92,500. என்ஜினையும் சேர்த்தால்கூட முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு குறைந்தது. புதுப்பிக்கும்போது பிரீமியம் குறையட்டும் என்று ஐடிவியைக் குறைத்துப் போடுகிறவர்கள் உண்டு. முழு இழப்பு வந்தால் கைக்கு வருவது அந்தக் குறைந்த தொகைதான் என்பதை நினைவில் வையுங்கள்.

நான் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதினேன். இரண்டு நாள் முழுகியதால் எப்படியும் என்ஜினைத் திறந்து கழுவியிருக்க வேண்டும், அந்தச் செலவாவது வெள்ளச் சேதம்தானே என்று கேட்டேன். அந்த வாதத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பணிமனையிலிருந்த அந்த மூத்த மெக்கானிக்தான். மூன்று வாரம் கழித்து, திறந்து கழுவிய கூலியாக 11,400 ரூபாயை ஏற்றுக்கொண்டார்கள். ராடும் பிஸ்டனும் என் தலையில்தான். நிறுவனத்தின் பதிலில் நிறைவில்லையென்றால், அல்லது ஒரு மாதமாகியும் பதிலே வராவிட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மேன்) போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. ஆனால் நிறுவனம் மறுத்ததிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நான் அலுத்துப்போய், பிறகு பார்க்கலாம் என்று கோப்பை அலமாரியில் வைத்தேன். எடுத்துப் பார்த்தபோது கெடு முடிந்திருந்தது. போயிருந்தால் வென்றிருப்பேன் என்று சொல்ல மாட்டேன். போகாமல் இருந்ததற்கு மட்டும் எந்தக் காரணமும் சொல்ல முடியவில்லை.

2024 மார்ச் 2-ஆம் தேதி வண்டி கைக்கு வந்தது, பணிமனைக்குப் போய் 84 நாள் கழித்து. என்ஜினுக்கு நிகரமாக 1,06,600, காப்பீட்டில் கழித்த 7,500, இழுவையில் 3,000, அந்த நாட்களில் ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்கும் ஏறத்தாழ 14,000. க்ளெய்ம் செய்ததால், மூன்றாண்டில் சேர்த்த 35 விழுக்காடு நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, பூஜ்யமாயிற்று. அடுத்த பிரீமியத்தில் அது மூவாயிரத்து அறுநூறு. மொத்தம் ஒன்றே கால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. எடுத்துவிட்ட குறி 1,140 ரூபாய். பிறகு அதைப் போட்டுவிட்டேன், ஆனால் அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. வண்டி நின்ற பிறகு தாமதமாகத் தகவல் சொன்னதால் கூடிய சேதத்தை ஏற்காத ஒப்பந்தங்கள் உண்டு. எத்தனை ஆண்டுப் பழைய வண்டிவரை தருவார்கள் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரும்பாலும் புதுப்பிக்கும்போதுதான் சேர்க்க முடியும். புயல் சின்னம் உருவான பிறகு தேடினால் கிடைக்காது.

வண்டி வந்ததோடு முடிந்துவிடவும் இல்லை. ஜூலையில் இடப்பக்கப் பின் கண்ணாடி ஏறவில்லை. செப்டம்பரில் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கியது. இரண்டுக்கும் இருக்கைக்கு அடியில் போகும் இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருந்ததே காரணம். வெள்ளம் பார்த்த வண்டியில் இந்தப் பச்சை மெதுவாக, மாதக்கணக்கில் வேலை செய்யும். பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: சென்னை வெள்ளத்தில் முழுகிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊர்களுக்குப் போகும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு தெரிந்தால் விலையைக் கேட்காமலே திரும்பிவிடலாம். அந்த இடத்தை யாரும் கழுவுவதில்லை. என் வண்டியில் இன்றும் அந்தக் கோடு இருக்கிறது.

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு மீண்டும் சிவப்பு எச்சரிக்கை வந்தது. இந்த முறை எதிர்வீட்டுப் பெரியவர் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. நான் போவதற்குள் மேம்பாலத்தில் இடம் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. இறக்கத்தில் ஓர் இடைவெளி கிடைத்தது. இரண்டு மூன்று நாள் நிற்கும் என்பதால் கை பிரேக்கை இழுக்கவில்லை, ஈரத்தில் பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தேன். நான்கு பக்கமும் படம் எடுத்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்ப அரை மணி நேரம் ஆயிற்று. சொன்ன அளவுக்கு மழை பெய்யவில்லை. எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை. "வீணா அலைஞ்சீங்க" என்றாள் மனைவி. 10 எண் ஸ்பேனர் அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.